அரைப் பேர் போடும் கல்வி



நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்தெடுத்தாலும் தராசில் இரண்டு கிலோ குறைந்தால் அரைப் பேர். மழை பெய்ததா, மலை காடேறிக் கிடந்ததா, உரம் போட்டார்களா என்று எவரும் கேட்பதில்லை. நம்முடைய பிள்ளைகளைத் தாதியர் பயிற்சிக்கு எடுக்கிற இடத்திலும் அதே தராசுதான் தொங்குகிறது.

வன்னியில் இருக்கும் நம் உறவுகளைப் பாருங்கள். 1958, 1977, 1983 கலவரங்களில் அடிபட்டும், எழுபதுகளில் தோட்டங்களில் பட்டினி கிடந்தும் லயத்தை விட்டு வந்தவர்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளை வெட்டிக் குடியேறினார்கள். மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம் என்று கிளிநொச்சியில் எத்தனை ஊர்கள்! யுத்தம் அவர்களை மறுபடியும் தெருவில் விட்டது. 2009 ஆகஸ்டில் செட்டிகுளம் முகாமுக்குள் முள்கம்பிக்குப் பின்னால் இருந்துதான் வன்னிப் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். அந்த ஊர்களின் இன்றைய பிள்ளைகளிடம் என்ன ஆக வேண்டும் என்று கேட்டால், பலர் சொல்வது மிஸ்ஸி வேலை. தோட்டத்திலும் அதே பதில்தான். பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவு உண்டு, பிறகு அரசாங்க வேலை. வைத்தியசாலைக்குப் போகிற நம் தாய்மாருக்கும் தம் வலியைத் தமிழில் சொல்ல ஒருவர் கிடைப்பார்.

வழியில் என்ன நிற்கிறது? சுகாதார அமைச்சின் வர்த்தமானி அறிவித்தல்கள் உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தி கேட்கின்றன. சாதாரண தரத்தில் தாய்மொழி, கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றில் திறமைச் சித்தி, அதாவது 'சி', வேண்டும். ஆங்கிலத்திலும் சித்தி வேண்டும். இதையெல்லாம் தாண்டினால் இசட் புள்ளி வரிசை. 50 புள்ளி எடுத்தால் 'சி'. 49 எடுத்தால் 'எஸ்'. பரீட்சைத் திணைக்களத்துக்கு 'எஸ்'ஸும் சித்திதான், ஆனால் அந்தப் பிள்ளை விண்ணப்பம் போடவே முடியாது. அரைப் பேர்!

"எல்லாருக்கும் ஒரே வினாத்தாள்தானே, இதில் அநியாயம் எங்கே?" என்று படித்த கனவான்கள் கேட்கிறார்கள். வினாத்தாள் ஒன்றுதான் ஐயா, பள்ளிக்கூடம் ஒன்றா? உயர்தர விஞ்ஞானப் பிரிவு நடத்துவது 1ஏபி வகைப் பாடசாலைகள் மட்டும். குடியேற்றக் கிராமங்களிலும் தோட்டங்களிலும் இருப்பவை பெரும்பாலும் 1சி, இரண்டாம் வகை, மூன்றாம் வகை. அங்கே படிக்கிற பிள்ளை உயிரியலும் இரசாயனவியலும் படிக்க வேண்டுமானால் பட்டணத்துக்குப் போக வேண்டும். பஸ் காசு, டியூஷன் காசு, தங்குமிடம் எல்லாம் கூலிக் காசில்தான். கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் அடுத்தவர் வரும்வரை அந்தப் பாடம் காற்றில். இத்தனைக்கும் நடுவே அந்தப் பிள்ளை எடுத்த 49ஐ, கொழும்பில் ஆய்வுகூடமும் தனியார் வகுப்பும் வைத்துக்கொண்டு எடுத்த 50க்குக் கீழே வைக்கிறார்கள். இதற்குப் பெயர் திறமையாம்.

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டங்களுக்கு 55 வீதமும், கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதமும் ஒதுக்கியிருக்கிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, நுவரெலியா, பதுளை எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவை. நல்லதுதான். ஆனால் மாவட்டத்துக்குள்ளும் மேடு பள்ளம் இருக்கிறது. நுவரெலியாப் பட்டணத்துக் கல்லூரியும் லயத்துப் பள்ளிக்கூடமும் ஒரே மாவட்டம். கிளிநொச்சிப் பட்டணத்துப் பிள்ளையும் சாந்தபுரத்துப் பிள்ளையும் ஒரே கணக்கு. அந்த இடமும் வசதியுள்ள பாடசாலைக்கே போய்ச் சேருகிறது.

அப்படியானால் புள்ளியைக் குறைக்கச் சொல்கிறோமா? இல்லை. மருந்தின் அளவைக் கணக்குப் பார்க்கத் தெரியாத தாதி நமக்கும் வேண்டாம், நோயாளியாகப் படுப்பது நாம்தானே. நாம் கேட்பது, 'சி' எடுக்கத் தேவையானதை எங்கள் பள்ளிக்கூடத்தில் வையுங்கள் என்பது. ஒவ்வொரு தோட்டத் தொகுதியிலும், வன்னியில் நம் மக்கள் செறிந்து வாழும் இடங்களிலும் ஒரு பாடசாலையையாவது விஞ்ஞானப் பிரிவோடு 1ஏபி தரத்துக்கு உயர்த்த வேண்டும். இடமாற்றத்தில் போகும் கணித, விஞ்ஞான ஆசிரியரை, பதிலாள் வராமல் விடுவிக்கக் கூடாது. தேர்தல் காலத்தில் கொப்பியும் பையும் கொடுத்துப் படம் பிடிக்கிறவர்களிடம் இதைக் கேளுங்கள். கொப்பி இருக்கிறது, படிப்பிக்க ஆள் எங்கே?

இதில் இன்னொரு கொள்ளையும் நடக்கிறது. 'எஸ்' வந்து மனமுடைந்த குடும்பங்களைத் தேடி "புள்ளி தேவையில்லை, நேர்ஸிங் படிக்கலாம்" என்று விளம்பரக் கடுதாசி வருகிறது. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிறார்கள். கிடைப்பது பெரும்பாலும் உதவித் தாதிக்கான என்விகியூ சான்றிதழ். பராமரிப்பு வேலைக்கு அது உதவும், கேவலமான வேலையும் அல்ல. ஆனால் அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரியின் மூன்று வருட டிப்ளோமா அதுவல்ல. காசைக் கட்டுவதற்கு முன்னால், இந்தச் சான்றிதழோடு அரசாங்க வைத்தியசாலையில் தாதி உத்தியோகத்தராகச் சேர முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் திரும்பி வாருங்கள்.

கணிதத்திலோ விஞ்ஞானத்திலோ 'எஸ்' வந்த பிள்ளை அந்தப் பாடத்தைத் திரும்ப எழுதலாம். எத்தனை அமர்வில் எடுத்த சித்தியை ஏற்பார்கள் என்பது அந்தந்த வர்த்தமானியில் இருக்கும், நிபந்தனைகள் வருடத்துக்கு வருடம் மாறும். வாசிக்கச் சிரமமாக இருந்தால் பெறுபேற்றுத் தாளோடு பிள்ளையைத் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கூட்டி வாருங்கள். உங்கள் பள்ளிக்கூடத்தில் கணித, விஞ்ஞான ஆசிரியர் எத்தனை மாதமாக இல்லை என்பதையும் எழுதிக் கொடுங்கள். வலயக் கல்விப் பணிமனையின் மேசையில் அந்தக் கணக்கைத்தான் வைக்கப் போகிறோம்.