பழைய கார் வாங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி

முட்டத்தில் பழைய கார் வாங்குகிறவர் முதலில் குனிந்து அடிப்பாகத்தைப் பார்ப்பார். கதவைத் தட்டிப் பார்ப்பார். கடற்கரை ஊர். உப்புக் காற்று இரும்பை அரித்துவிடும். துரு கண்ணுக்குத் தெரியும்.

தெரியாத ஆபத்தும் உண்டு. விபத்தில் உயிர் காக்க, ஸ்டீயரிங்குக்குள் காற்றுப்பை மடித்து வைத்திருக்கிறார்கள். ஜப்பானின் தகாட்டா கம்பெனி செய்த பல பைகளில் ஒரு குறை. பையை ஊதவைக்கும் மருந்து, வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் பல ஆண்டுகள் கிடந்தால் கெட்டுப்போகும். பிறகு அளவு மீறி வெடிக்கும். உலோகக் குப்பி சிதறி, ஓட்டுகிறவர் மேல் பாயும். பல நாடுகளில் உயிர்கள் போயின. காக்க வைத்த பையே கொன்றது!

ஹோண்டா கம்பெனி இந்தியாவில் 2017 ஜனவரியில் 41,580 கார்களையும், 2018 ஜனவரியில் 22,834 கார்களையும் திரும்ப அழைத்தது. இதற்கு ‘ரீகால்’ என்று பெயர். பழுதான பாகத்தை இலவசமாக மாற்றித் தருவார்கள்.

ஆனால் தகவல் யாருக்குப் போகும்? கம்பெனி ஏட்டில் பெயர் உள்ளவருக்கு. கார் இரண்டு கை மாறியிருந்தால், இன்று ஓட்டுகிறவருக்குச் செய்தி எட்டாமலே போகலாம். ஏ.சி. குளிரவில்லை என்று விலையைக் குறைக்கிறார்கள்; இதை யாரும் கேட்பதில்லை.

ஆர்.சி.யில் சேஸிஸ் நம்பர் இருக்கிறது. அதைக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் காட்டினால், ரீகால் பாக்கி உண்டா என்று பார்த்துச் சொல்வார்கள். முன்பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டும். பெயர் மாற்றும் ஆர்.டி.ஓ. அலுவலகமும் கேட்க வேண்டும். இன்சூரன்ஸ் கேட்கிற இடத்தில் இதையும் கேட்பது பெரிய காரியமல்ல.