ஊறுகாய் ஜாடிக்கு முன்னால் ஒப்பந்தக் காகிதம்



வெளிநாட்டு வேலைக்குப் பிள்ளையை அனுப்புகிற வீடுகளில் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஆண்கள் விசா, டிக்கெட் என்று அலைவார்கள். பெண்கள் நாம் பருப்புப் பொடி அரைப்போம், ஊறுகாய் போடுவோம், மஞ்சள் துணியில் குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைப்போம். காகித விஷயமா? "அதெல்லாம் அவங்க பார்த்துக்குவாங்க." இது மாற வேண்டும் என்பதுதான் என் கருத்து. வேலை ஒப்பந்தத்தை வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து படித்து, கேள்வி கேட்டு, புரிந்துகொண்ட பிறகுதான் ஊறுகாய் ஜாடியைக் கழுவவே வேண்டும்!

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் அக்கா மகள் இப்போது ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படத் தயாராகிறாள். அவளுக்கு 26 வயது. வேலை என்ன தெரியுமா? விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற டீச்சர் வேலை. 'ஃபிளைட் இன்ஸ்ட்ரக்டர்' என்கிறார்கள். மெல்பர்ன் பக்கம் ஒரு பயிற்சிப் பள்ளியில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

சின்ன விமானம்தான். செஸ்னா என்று பெயர். டீச்சரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்வார்கள். இரண்டு பேர் முன்னாலும் ஸ்டியரிங் மாதிரி ஒரு பிடி இருக்கும். மாணவர் தப்பாகத் திருப்பினால் டீச்சர் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லித் தன் கைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். சரியானதும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "பிடுங்கிக்கிறது சுலபம் சித்தி, திருப்பிக் கொடுக்கிறதுதான் கஷ்டம்" என்பாள். பிள்ளை வளர்க்கிற நமக்கு இது புரியாதா என்ன?

நம் நாட்டில் வணிக பைலட் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம். எங்கள் அக்கா வீட்டில் பயிற்சி, தேர்வு, ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து 40 லட்சத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டுப் பத்திரம் பாங்க்கில் இருக்கிறது. என் வளையல் நாலும் அதற்காகத்தான் அடகில் இருக்கின்றன. லைசென்ஸ் வந்தவுடன் பெரிய விமானக் கம்பெனியில் வேலை கிடைத்துவிடாது. பெரிய விமானத்துக்குத் தனிப் பயிற்சி, அதற்குத் தனிப் பணம். ஆகவே டீச்சராகச் சேர்ந்தால் சம்பளமும் வரும், பறந்த மணிக்கணக்கும் ஏறும். அப்படித்தான் இங்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். இப்போது வெளிநாட்டிலிருந்து அழைப்பு.

செய்தி தெரிந்ததும் உறவுக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "கல்யாணம் பண்ணி அனுப்பலாமே?" என்பதுதான். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை! "ஆகாயத்துல பறக்கிற வேலை பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு?" என்றார் ஒரு பெரியம்மா. அவருக்கு நான் சொன்னேன்: 1936-ஆம் ஆண்டே சரளா துக்ரால் என்ற பெண் 21 வயதில், கையில் நாலு வயதுக் குழந்தையோடு, விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கியிருக்கிறார். அதுவும் சேலை கட்டிக்கொண்டு ஓட்டினார். உஷா சுந்தரம் என்பவர் 1950-களின் தொடக்கத்தில் சென்னை அரசு வாங்கிய விமானத்தைத் தன் கணவரோடு சேர்ந்து இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார். நம் பாட்டிமார் காலத்திலேயே நடந்ததை இப்போது புதுசு போலப் பேசுவது நியாயமா?

'கல்யாணம் பண்ணி அனுப்பு' என்கிறவர்கள் இன்னொன்றும் யோசிப்பதில்லை. கர்ப்பமாக இருக்கும்போது எல்லா மாதமும் விமானம் ஓட்ட முடியாது. சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றாலும் 12 வாரம் முடிந்ததிலிருந்து 26 வாரம் முடிகிற வரை மட்டுமே தகுதி தரலாம் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் பரிந்துரை. மீதி மாதங்களில் சம்பளம் உண்டா, வேறு வேலை தருவார்களா, வேலை நிலைக்குமா? இதையும் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரிடமும் இதைப் பேசியாக வேண்டும். நாள் பார்த்துத் தாலி கட்டி அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது வெறும் பேச்சு.

சரி, காகிதத்துக்கு வருகிறேன். நான் படித்தது பிளஸ் டூ வரைதான். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. அவளையே பக்கத்தில் உட்கார வைத்து, வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லி, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டோம். அக்காவும் நானும் கேட்ட கேள்விகளை இங்கே சொல்கிறேன். மற்ற வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கும் உதவும்.

முதல் கேள்வி: இங்கே வாங்கிய லைசென்ஸ் அங்கே செல்லுமா? அப்படியே செல்லாது. 1944-ல் சிகாகோவில் பல நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தத்தால் விதிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தாலும், ஒவ்வொரு நாடும் தன் லைசென்ஸைத் தானேதான் கொடுக்கிறது. அவள் அந்த நாட்டு மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். அந்த நாட்டு விமானச் சட்டத்தில் பரீட்சை எழுத வேண்டும். பறந்து காட்ட வேண்டும். டீச்சர் தகுதியையும் அங்கே நிரூபிக்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர் அங்கே 'மூன்றாம் கிரேடு'. மூத்த டீச்சரின் மேற்பார்வையில்தான் சொல்லிக்கொடுக்க முடியும். ஆங்கிலப் பேச்சுத் திறனுக்கும் தனிச் சோதனை. அதில் நாலாவது நிலை என்றால் 3 வருஷத்தில் மறுபடி எழுத வேண்டும், ஐந்தாவது என்றால் 6 வருஷம், ஆறாவது என்றால் மறுபடி வேண்டாம்.

ஆக, விமானத்தை விட்டு இறங்கியவுடன் சம்பளம் ஆரம்பிக்காது! இந்தத் தேர்வுகள் முடிகிற வரை சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் யார் பொறுப்பு? தேர்வுக் கட்டணம் பள்ளி கட்டுமா, இவள் கட்ட வேண்டுமா? ஒரு தேர்வில் தவறினால் என்ன? அக்கா கேட்ட இந்தக் கேள்விக்கு ஒப்பந்தத்தில் பதிலே இல்லை. எழுதிக் கேட்ட பிறகுதான் பதில் வந்தது.

இரண்டாவது: சம்பளம் மாதத்துக்கா, பறந்த மணிக்கா? இந்தத் தொழிலில் பல இடங்களில் பறந்த மணிக்குத்தான் காசு. மெல்பர்னில் ஒரே நாளில் நாலு பருவமும் வரும் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வார்களாம். மேகம் கீழே இறங்கினால், காற்று பலமாக அடித்தால், சின்ன விமானம் தரையில்தான். அன்றைக்கு நாள் முழுக்கப் பள்ளியில் இருந்தாலும் பறந்த மணி பூஜ்யம். நமக்குப் பால் கணக்கு தெரியும், தெரியாதா? பால் ஊற்றாத நாளுக்கு நாம் காசு கொடுப்பதில்லை. அதே கணக்குத்தான் அங்கே அவளுக்கு! மழையோ வெயிலோ, வாரத்துக்குக் குறைந்தது இவ்வளவு தருவோம் என்று எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் குறைந்த தொகையில் வாடகையும் சாப்பாடும் போக, இங்கே கடன் தவணை கட்ட மிஞ்சுமா என்று கணக்குப் போட வேண்டும். இந்தக் கணக்கை நம்மைவிட நன்றாகப் போடுகிறவர் வீட்டில் யார்?

மூன்றாவது: 'பாண்ட்' உண்டா? இரண்டு வருஷம் விலகக் கூடாது, விலகினால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குகிறார்கள். காரணம் இருக்கிறது. மணிக்கணக்கு சேர்ந்ததும் டீச்சர்கள் பெரிய விமானத்துக்குப் போய்விடுகிறார்கள். அமெரிக்காவில் 2009-ல் நடந்த ஒரு பெரிய விபத்துக்குப் பிறகு, 2013-லிருந்து விமானக் கம்பெனியில் துணை பைலட்டாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. அங்கே டீச்சராக இருந்து அந்த மணிகளைச் சேர்த்துக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். பள்ளியின் கவலை நியாயம்தான். ஆனால் பள்ளியே மூடிவிட்டால், சம்பளம் சரியாகத் தராவிட்டால், உடம்பு முடியாமல் போனால், அப்போதும் இவள்தான் பணம் கட்ட வேண்டுமா? அதையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

அடுத்து, ஏஜென்ட் விஷயம். இந்த அழைப்பு வருவதற்கு முன்னால் ஒருவர் வீடு தேடி வந்தார். 3 லட்சம் கொடுங்கள், முதலில் சுற்றுலா விசாவில் போகட்டும், போன இடத்தில் வேலையில் சேர்த்துவிடுகிறேன் என்றார். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை பார்க்க அனுமதி கிடையாது. படிப்பு விசாவில் போனாலும், படிப்பு நடக்கும் காலத்தில் 14 நாளைக்கு 48 மணி நேரம் மட்டுமே வேலை பார்க்கலாம் என்று 2023 ஜூலையிலிருந்து விதி. நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணை அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் சரிபார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். அக்கா பதிவு எண்ணைக் கேட்டாள். "நாளைக்குக் கொண்டு வர்றேம்மா" என்று போனவர் திரும்பி வரவே இல்லை. ஒரே ஒரு கேள்வி தோழியரே, 3 லட்சம் மிச்சம்!

இன்னும் சில சின்ன விஷயங்கள். பைலட்டுக்கு 'லாக்புக்' என்று ஒரு நோட்டு உண்டு. பறந்த ஒவ்வொரு மணியும் அதில்தான் இருக்கிறது. அதைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். எல்லாப் பக்கத்துக்கும் நகல் எடுத்து ஒரு செட் அம்மா பீரோவில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டை 'பத்திரமா வெச்சுத் தர்றோம்' என்று வேலை கொடுப்பவர் கேட்டால் கொடுக்கக் கூடாது. சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. வேலைக்காக வெளிநாட்டில் குடியேறியதும் இங்கே உள்ள சேமிப்புக் கணக்கை பாங்க்கில் சொல்லி என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். கடன் தவணை எந்தக் கணக்கிலிருந்து, எந்தத் தேதியில் போகும் என்று அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அட, ஊறுகாய்க்கே அங்கே காகிதம் இருக்கிறது! ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது கொண்டுபோகிற சாப்பாட்டுப் பொருளை எல்லாம் அறிவிக்க வேண்டும். பச்சைக் கறிவேப்பிலை, விதை, பால் பொருள் போன்றவற்றை நிறுத்திவிடுவார்கள். மறைத்தால் அபராதம், விசாவுக்கே கேடு வரலாம். பாசத்தில் பெட்டிக்கு அடியில் நெய் டப்பாவை ஒளித்து வைக்கிற அம்மாக்களே, தயவு செய்து வேண்டாம்.

இத்தனையும் கேட்டபோது எங்கள் வீட்டிலேயே எதிர்ப்பு வந்தது. "நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது பள்ளி மூடினா என்ன, உடம்பு முடியலைன்னா என்னன்னு கேட்கிறது அபசகுனம். அவங்க கோவிச்சுக்கிட்டு வேலையே இல்லைன்னுட்டா?" என்றார் அக்கா வீட்டுக்காரர். அவர் பயமும் பொய் இல்லை. கடன் கழுத்தை நெரிக்கிறபோது கையில் வந்த வேலையை விட யாருக்கு மனசு வரும்?

அதற்கு அவர் மகளே பதில் சொன்னாள். "அப்பா, ஒவ்வொரு தடவை பறக்கிறதுக்கு முன்னாடியும் நான் விமானத்தைச் சுத்தி வந்து பார்ப்பேன். டயர், இறக்கை, எண்ணெய் எல்லாம் பார்ப்பேன். பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கான்னு கொஞ்சம் பிடிச்சுப் பார்ப்பேன். நேத்து நல்லா பறந்த விமானம்தான், இருந்தாலும் பார்க்கணும். அது அபசகுனம்னு யாராவது சொல்வாங்களா?"

மாமா பேசவில்லை. அன்று இரவே பள்ளிக்குக் கடிதம் போனது. அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. வாரத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை எழுத்தில் சேர்த்தார்கள். தேர்வுக் கட்டணத்தில் பாதியை ஏற்றார்கள். 'பாண்ட்' விஷயத்தில் இறங்கி வரவில்லை. அந்தத் தொகை இவ்வளவு என்று தெரிந்துதான் போகிறாள். தெரிந்து போவது வேறு, தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு அல்லவா?

தோழியரே, விமானம் ஓட்டுகிற பெண்ணுக்கு மட்டும் இது இல்லை. நர்ஸ் வேலைக்கோ வீட்டு வேலைக்கோ கம்ப்யூட்டர் வேலைக்கோ, உங்கள் வீட்டிலிருந்து யார் வெளிநாடு போனாலும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவும் நகையைக் கழற்றிக் கொடுக்கவும் நம்மைக் கூப்பிடுகிறார்களே, அந்தக் காகிதத்தைப் பார்க்க மட்டும் ஏன் நாம் ஒதுங்கி நிற்க வேண்டும்?

- பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி,
திண்டுக்கல்.