மறைந்து மீளும் மீரா



வானத்து நட்சத்திரங்கள் யாவும் என்றும் ஒரே அளவாக ஒளிர்பவை என்றே நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். அவ்வாறன்று என்று மனிதனுக்கு உணர்த்திய நட்சத்திரம் ஒன்று உண்டு. அதன் பெயர் மீரா. ‘வியப்புக்குரியது’ என்பது இந்த லத்தீன் சொல்லின் பொருள்.

1596 ஆகஸ்ட் மாதத்தில், ஜெர்மனியின் வடகடலோரப் பகுதியில் பாதிரியாராக இருந்த டேவிட் ஃபாப்ரிசியஸ், திமிங்கில மண்டலத்தில் அதுவரை தாம் கண்டிராத நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். சில வாரங்களில் அது மங்கத் தொடங்கிற்று. பின்னர் கண்ணுக்கே புலப்படாமல் போயிற்று. 1572இல் இவ்வாறே ஒரு நட்சத்திரம் திடீரெனத் தோன்றி மறைந்திருந்தது. எனவே இதுவும் அழிந்துவிட்டது என்றே அவர் கருதினார். ஆனால் 1609இல் அதே இடத்தில் அது மீண்டும் ஒளிர்ந்தது! புதிர் அவிழுமுன்பே, 1617இல் அவர் இறந்துபோனார்.

1638இல் ஹாலந்து நாட்டவரான ஹோல்வார்டா அதனைக் கண்டு, தொடர்ந்து கவனித்து வந்தார். ஏறத்தாழ 11 மாதங்களுக்கு ஒருமுறை அது பிரகாசமடைவது தெரியவந்தது. 1662இல் ஹெவெலியஸ் அதற்கு மீரா எனப் பெயரிட்டார். அதன் சுற்று சராசரியாக 332 நாட்கள் என இன்று கணக்கிட்டுள்ளனர்.

இந்த மாற்றத்திற்குக் காரணம் என்ன? மீரா முதுமையடைந்த, மிகப் பெரிய செந்நிற நட்சத்திரம். அது விரிந்தும் சுருங்கியும் துடித்துக்கொண்டிருக்கிறது. அதன் வெப்பம் தணியும்போது மேற்பரப்பு வாயுக்களில் டைட்டானியம் ஆக்சைடு போன்ற மூலக்கூறுகள் பெருகி, நாம் காணும் ஒளியைத் தடுத்துவிடுகின்றன. அப்போதும் அது வெளியிடும் மொத்த ஆற்றல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிர்களாக வெளிப்படுகிறது. அவற்றைக் காணும் திறன் நம் கண்களுக்கு இல்லை. ஆக, நூற்றுக்கணக்கான மடங்கு மங்கிவிட்டதாகத் தோன்றும் வேளையிலும் அது எரிந்துகொண்டேதான் இருக்கிறது. நமது சூரியனும் பல நூறு கோடி ஆண்டுகளுக்குப் பின் இத்தகைய நிலையை அடையும் என்கின்றனர் வானியலார்.

நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களில், இஷாவுக்குப் பின் உங்கள் பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். கார்த்திகைக் கூட்டத்திற்குத் தென்மேற்கே திமிங்கில மண்டலத்தைக் காட்டுங்கள். அங்குள்ள மென்கார், தெனெப் கைத்தோஸ் ஆகிய பெயர்கள் அரபியிலிருந்து வந்தவை. முன்னதில் ‘மூக்கு’ என்னும் பொருளும் பின்னதில் ‘வால்’ என்னும் பொருளும் அடங்கியுள்ளன. இவ்விரண்டுக்கும் இடையில்தான் மீரா இருக்கிறது.

மீரா உச்சப் பிரகாசம் அடையும் நாள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு மாதம் முந்தி வரும். ஆகவே சில ஆண்டுகளில் அது சூரியனின் வெளிச்சத்திலேயே கழிந்துவிடும். நீங்கள் தேடும் இரவில் அது தென்படாமலும் போகலாம். அப்படியாயின் தேதியைக் குறித்துவைத்து, அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் மீண்டும் பாருங்கள். மீராவின் கணக்கு ஒரே இரவில் கிடைத்ததன்று. பலர் பல ஆண்டுகள் குறித்துவைத்ததால் கிடைத்தது. இன்று கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக ஒன்றை இல்லையென்று தீர்த்துவிடலாகாது என்பதைப் பிள்ளைகள் அப்போது தாமாகவே உணர்ந்துகொள்வார்கள்.