சான்று நின்ற இடமும் புனைவு தொடங்கும் இடமும்: அண்மைக்கால வரலாற்று நாவல்களையும் ஊகப் புனைவுகளையும் இணைத்து வாசித்தல்

முன்னுரை

வரலாற்று நாவலை ஆராயும் தமிழ் ஆய்வேடுகள் பலவற்றில் ‘வரலாற்று உண்மையும் கற்பனையும்’ என்னும் போக்கில் ஓர் இயல் இடம்பெறுவதைக் காணலாம். நாவலில் வரும் மாந்தர், ஊர், போர் ஆகியவற்றைக் கல்வெட்டு, செப்பேடு, இலக்கியச் சான்று ஆகியவற்றோடு ஒப்பிட்டு, இவை உண்மை, இவை கற்பனை எனப் பட்டியலிடுவதே அவ்வியலின் பணி. அறிவியல் புனைகதையை ஆராயும்போதும் இதே அளவுகோல் எதிர்காலத்தின் பக்கம் திருப்பப்படுகிறது. ஆசிரியர் கற்பித்த கருவிகளுள் எவை பின்னாளில் நடைமுறைக்கு வந்தன என்பது கணக்கிடப்படுகிறது. இம்முயற்சிகள் உழைப்பைக் கோருவன, பயனற்றவை அல்ல. ஆயினும், 2000க்குப் பின் வெளிவந்த நாவல்களுள் வாசிக்கத்தக்கவை எவை, அவை ஏன் வாசிக்கத்தக்கவை என்னும் வினாக்களுக்கு இவை விடை தருவதில்லை.

கடந்த காலத்தைக் களமாகக் கொள்ளும் வரலாற்று நாவலும், நடப்புலகின் விதியொன்றை மாற்றி ‘இவ்வாறு இருப்பின் என்னாகும்’ என்று வினவும் ஊகப் புனைவும் அடிப்படையில் ஒரே பணியைச் செய்கின்றன. சான்று பேசாத இடத்தில் மனித வாழ்வை வைத்துப் பார்ப்பதே அப்பணி. ஆகவே இரண்டையும் தனித்தனி வகைமைகளாகப் பிரிக்காது இணைத்து வாசிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கல்வெட்டின் மௌனம்

உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் குறிப்பிடுகிறது. கொலைக்கான காரணத்தை அது கூறவில்லை. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ இம்மௌனத்தின் மீதே எழுப்பப்பட்டது. நந்தினியைக் ‘கற்பனைப் பாத்திரம்’ என்று வகைப்படுத்துவதோடு ஆய்வு நின்றுவிட்டால், முதன்மையான வினா எழுப்பப்படாமலே போகிறது. அரசியல் கொலை ஒன்றின் காரணம் ஒரு பெண்ணின் வஞ்சினத்தில் வைக்கப்பட்டது ஏன் என்பதே அவ்வினா. கற்பனை எங்கு நுழைகிறது என்பதைவிட, நுழைந்து என்ன செய்கிறது என்பதே ஆய்வுக்குரியது.

அரண்மனையிலிருந்து ஊருக்கு

அண்மைக்கால நாவல்களில் இம்மௌனத்தின் இடம் மாறியுள்ளது. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ (2008) மதுரையின் பல நூற்றாண்டு வரலாற்றை ஆயிரம் பக்கங்களைக் கடந்து விரிக்கிறது. படையெடுப்புகளையும் நாயக்கர் ஆட்சியையும் கூறும் பகுதிகளில் வரலாற்று நூலின் சாயல் மேலோங்கி, மாந்தர் மங்கிப்போகின்றனர். கதை தாதனூருக்கு வந்து, களவும் காவலும் ஒரே குடியின் தொழிலாக இருந்த வாழ்க்கைக்குள் நுழைந்த பின்னரே நாவல் உயிர்பெறுகிறது. முற்பகுதிக்குச் சான்றுகள் மிகுதி. பிற்பகுதியைப் பற்றிய எழுத்துச் சான்றுகளோ பெரும்பாலும் காவல்துறையும் ஆட்சியரும் தம் நோக்கில் எழுதிவைத்தவை. அக்குடிகளின் நோக்கைப் புனைவே தர வேண்டியிருந்தது. அதைத் தந்த இடத்தில்தான் நாவல் வெற்றி பெறுகிறது.

பூமணியின் ‘அஞ்ஞாடி’ (2012) 1895ஆம் ஆண்டுக் கழுகுமலைக் கலவரத்தையும் 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரத்தையும் உள்ளடக்கியது. ஆவணங்களைத் தேடிக் கற்று எழுதப்பட்ட நாவல் அது. எனினும் அதன் வலிமை ஆவணங்களில் இல்லை. உழவர் குடியைச் சேர்ந்த ஆண்டிக்கும் சலவைத் தொழில் செய்யும் குடியைச் சேர்ந்த மாரிக்கும் இடையிலான நட்பில் உள்ளது. வழக்குமன்றப் பதிவுகள் கலவரத்தைச் சொல்லும். கலவரத்துக்கு முன் அவ்வூர்களில் மக்கள் எவ்வாறு சேர்ந்து வாழ்ந்தனர் என்பதைச் சொல்லா. எது குலைந்தது என்பதை அறியாமல் கலவரத்தின் இழப்பை அளக்க இயலாது. அந்த அளவையை ‘அஞ்ஞாடி’ தருகிறது.

ஆவணம் எழுதியவரின் உள்ளம்

ஜெயமோகனின் ‘வெள்ளையானை’ (2013) இச்சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. 1876–78 பெரும்பஞ்சம் குறித்துத் தரவுகளுக்குக் குறைவில்லை. வில்லியம் டிக்பி 1878இலேயே பெருநூல் எழுதினார். நிவாரணப் பணியாளருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்னும் ரிச்சர்ட் டெம்பிளின் கணக்கும் பதிவில் உள்ளது. இத்தரவுகள் அனைத்தும் ஆண்டோர் எழுதியவை. நாவல் அவ்வெழுத்தை ஒதுக்காமல், எழுதும் இடத்தில் இருந்த ஓர் அதிகாரியின் உள்ளத்துக்குள் செல்கிறது. ஏய்டன் அயர்லாந்துக்காரன், தானும் ஆளப்பட்ட நாட்டிலிருந்து வந்து ஆள்பவர்களுக்குப் பணிபுரிபவன். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த சென்னைக் கடற்கரைக் கட்டடத்தில் உழைத்த ஒடுக்கப்பட்ட மக்களை அவன் கண்கொண்டே வாசகர் காண்கின்றனர். இது நாவலின் எல்லையும் ஆகும். அம்மக்களுள் தனிக்குரலாக எழுபவர் காத்தவராயன் ஒருவரே. அயோத்திதாசரின் இயற்பெயரைத் தாங்கிய அப்பாத்திரம் நாவலில் இன்னும் மிகுதியான இடத்தைப் பெற்றிருக்க வேண்டும்.

ஒரு முடிவிலிருந்து இரு கதைகள்

வரலாற்று நாவலும் ஊகப் புனைவும் ஒரே பணி செய்வன என்பதற்குத் தெளிவான சான்று பெருமாள்முருகனிடம் உள்ளது. விடுதலைக்கு முற்பட்ட திருச்செங்கோட்டு வட்டாரத்தைக் களமாகக் கொண்ட ‘மாதொருபாகன்’ (2010) காளி, பொன்னா இணையரின் வாழ்வு எவ்வாறு முடிந்தது என்பதை வெளிப்படையாகக் கூறாமல் நிற்கிறது. அதன் தொடர்ச்சியாக ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ என்னும் இரு நாவல்கள் 2014இல் வெளிவந்தன. ஒன்றில் காளி இறந்துவிடுகிறான். மற்றொன்றில் உயிருடன் இருக்கிறான். ஒரே நிகழ்விலிருந்து இரு வேறு வாழ்வுகளைக் கற்பித்துப் பார்ப்பது ஊகப் புனைவின் முறை. அம்முறை இங்கே கடந்த காலத்தை எழுதுவதற்குப் பயன்பட்டுள்ளது. இவற்றுள் எது உண்மை என்று கேட்பது பொருளற்றது. காளி இருந்தாலும் இறந்தாலும் பொன்னாவின் மீது ஊரும் குடும்பமும் ஏற்றும் சுமை எத்தகையது என்பதே இரண்டையும் சேர்த்து வாசிப்பவர் பெறுவது.

‘மாதொருபாகன்’ எதிர்ப்புக்கு உள்ளானபோது முன்னின்றதும் அதே பழைய வினாவே: ‘இவ்வழக்கம் உண்மையில் இருந்ததா? சான்று எங்கே?’ எழுத்தாளர் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே 2015 சனவரியில் அறிவிக்க நேர்ந்தது. 2016 சூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு நாவலுக்குப் பாதுகாப்பு அளித்தது. புனைவுக்கு உண்மைப் பட்டியலே உரைகல் என்று வகுப்பறை கற்பிக்குமாயின், அவ்வினா வீதிக்கு வரும்போது அதை மறுப்பதற்கு ஆய்வுலகிடம் மொழி இராது. அளவுகோலை மாற்ற வேண்டும் என்பதற்கு இது வலுவான காரணம்.

காது குத்தப்பட்ட ஆடு

தீர்ப்பை அடுத்து 2016இல் வந்த ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ ஊகப் புனைவு. மனிதரைப் பற்றி எழுதுவதில் அச்சம் இருப்பதாகவும், விலங்குகளுள்ளும் ஆடே சிக்கலற்றது என்றும் ஆசிரியர் முன்னுரையில் எள்ளலுடன் கூறுகிறார். பிறந்த குட்டி ஒவ்வொன்றையும் அதிகாரிகளிடம் பதிவு செய்து காதில் அடையாளம் இட வேண்டிய ஓர் ஆட்சி அந்நாவலில் நிகழ்கிறது. முதிய இணையர் ஒருவர் கருநிறக் குட்டியுடன் வரிசையில் நிற்கின்றனர். ‘காவல் கோட்டம்’ காட்டும் குடியினர் மீது பின்னர் ஏவப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டமும் மனிதரைப் பதிவேட்டில் ஏற்றி, கைரேகை பெற்று, நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியதே. ஆட்டின் காதையும் மனிதனின் கட்டைவிரலையும் அடுத்தடுத்து வைத்து வாசிக்கும்போது ‘பூனாச்சி’ குழந்தைக் கதை அன்று என்பது விளங்கும்.

1980களில் தொடராக வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வையும் இவ்வரிசையில் வைக்கலாம். குடிமக்களின் பெயரையும் பிள்ளைப்பேற்றையும் அரசே வரையறுக்கும் உலகம் அது. கதை நிகழ்வதாகக் கூறப்பட்ட 2020களின் தொடக்கம் கடந்துவிட்டது. அதில் வரும் இயந்திர நாய் நனவாயிற்றா என்பதைவிட, அரசு பற்றிய 1980களின் அச்சம் எவ்வடிவில் அங்குப் பதிந்துள்ளது என்பதே இன்றைய ஆய்வுக்கு உரியது. எதிர்காலத்தை எழுதிய நாவல், எழுதப்பட்ட காலத்துக்கு வரலாற்றுச் சான்றாகிவிட்டது.

ஒரு மறுப்பும் விடையும்

இவ்வாறு வாசிப்பது வரலாற்று உண்மையைத் தளர்த்திவிடும் என்று மறுக்கலாம். அம்மறுப்பு பொருந்தாது. சான்று எங்கே முடிகிறது என்பதை அறியச் சான்றுகளை முழுமையாகக் கற்றே ஆக வேண்டும். ‘வெள்ளையானை’யில் வரும் பனிக்கட்டித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நாவலை மட்டும் ஆதாரமாகக் கொண்டு வரலாறாக எடுத்தாள்வது, நாவலுக்கும் வரலாற்றுக்கும் ஒருசேர இழைக்கும் தவறு. எல்லையை வரையறுப்பது ஆய்வின் முதற்படி. எல்லைக்கு அப்பால் புனைவு செய்வதை மதிப்பிடுவதே அடுத்த படி. இதுவரை பெரிதும் விடுபட்டதும் அதுவே.

முடிவுரை

முதுகலைப் பாடத்திட்டத்தில் ‘காவல் கோட்ட’த்தின் தாதனூர்ப் பகுதியையும் ‘பூனாச்சி’யையும் ஒரே அலகில் வைக்கலாம். ‘ஆலவாய’னையும் ‘அர்த்தநாரி’யையும் பிரிக்காமல் ஒருங்கே கற்பிக்கலாம். ஆய்வேடுகளில் உண்மை–கற்பனைப் பட்டியலைத் தொடர்ந்து மூன்று வினாக்களுக்கு இடமளிக்கலாம். சான்று எங்கே நிற்கிறது? அந்த இடத்தில் யாருடைய நோக்கு முன்வைக்கப்படுகிறது? அதனால் இன்று எது புலப்படுகிறது? இம்மூன்றுக்கும் ஆழ்ந்த விடை தரும் நாவல்களே வாசிக்கத்தக்கவை. களம் கடந்த காலமா, வரப்போகும் காலமா, எக்காலமும் அல்லாத ஓர் ஊரா என்பது இரண்டாம் நிலைச் செய்தியே.