சுருண்ட கூந்தல் குறையோ?

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில், உதகமண்டலத்து ஒப்பனை நிலையமொன்றில் எம் சுருண்ட கூந்தலை முதன்முறையாக நேராக்கிக்கொண்டோம். மருந்தைப் பூசி, சூடேறிய இடுக்கியால் கற்றை கற்றையாக அழுத்தினர். எழுந்த புகையில் எம் கண்கள் எரிந்து நீர் சொரிந்தன. பலகணியோ குளிருக்கஞ்சி அடைக்கப்பட்டிருந்தது!

இத்தகைய மருந்துகள் சில, சூடேறுங்கால் பார்மால்டிஹைடு என்னும் வாயுவை வெளியிடும். அது மாந்தர்க்குப் புற்றுநோய் விளைப்பதென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ஆம் ஆண்டில் முடிவு செய்தது. ஒருநாள் பூசிக்கொண்ட எம்மினும், நாடோறும் அப்புகையிலே நிற்கும் பணிப்பெண்ணுக்கன்றோ கேடு மிகுதி? அவளோ இருமிக்கொண்டே, எமக்குத் தேநீர் வேண்டுமாவென்று வினவினாள்.

இம்மலைக்கே உரிய தோடர் குலப் பெண்டிர், வழிவழியாகத் தம் கூந்தலில் வெண்ணெய் தடவி, முயன்று சுருளாக்கித் தோளிலே தவழவிடுவர். அவர்க்கு அதுவே அழகு. அவர்தம் மலையிலேயே, இயற்கையாய் வாய்த்த சுருளைக் குறையெனக் கருதிப் பொருள் கொடுத்து அழித்தோம்!

நேராக்க விரும்புவோரை யாம் தடுக்கோம். ஆயினும் மருந்தின் சேர்க்கை யாதென முன்னரே கேட்டறிக. பலகணியைத் திறக்கச் சொல்லுக, பணிப்பெண்ணின் பொருட்டேனும். வேரினின்று முளைக்கும் புதுமயிரை அம்மருந்து மாற்றாது. மூன்று திங்களில் எம் நெற்றியோரம் முதற்சுருள் தலைகாட்டியது. இம்முறை அதனை விட்டுவைத்திருக்கிறோம்.