வண்டிக்குள் ஒரு வண்டு

கண்டியிலிருந்து வத்துகாமம் வழியாகப் பன்வில நோக்கி வண்டியிற் செல்வோர்க்கு வானொலியே வழித்துணை. நகரை நீங்கும் வரை பாட்டும் செய்தியும் தெளிவாக ஒலிக்கின்றன. தேயிலை மலைகளிடையே பாதை வளைந்து ஏறத் தொடங்கியதும் இரைச்சல் பாட்டை விழுங்குகின்றது. போதாக்குறைக்கு, ஏற்றத்தில் எஞ்சினை முடுக்கும்போதெல்லாம் வானொலிக்குள் ஏதோ ஒரு வண்டு ரீங்காரம் செய்கின்றது. “ரேடியோ பழுது, புதிது வாங்குங்கள்” என்று உடன் வருவோர் தீர்ப்புக் கூறிவிடுவர். குற்றவாளி யாரென விசாரியாமல் தண்டம் விதிப்பது முறையோ? அவ்விசாரணையை இவ்வாரம் நாம் நடத்திப் பார்ப்போம்.

வழக்கு மிகப் பழையது. 1880களின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் ஹேர்ட்ஸ் வானொலி அலைகளை உண்டாக்கிக் காட்டியது மின்பொறியைக் கொண்டே. பெற்றோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கும் மின்பொறியையே எழுப்புகின்றது. ஆகவே பெற்றோல் வண்டி ஒவ்வொன்றும் வேண்டாத ஒரு சிறு ஒலிபரப்பு நிலையமாம்! 1930இல் அமெரிக்காவின் கல்வின் சகோதரர்கள் ‘மோட்டோரோலா’ என்னும் கார் வானொலியை உருவாக்கியபோது, அவர்கள் வெல்லவேண்டியிருந்த தடைகளுள் இவ்விரைச்சலும் ஒன்று.

இனி, சான்றுகளை ஆராய்வோம். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துக. எஞ்சினை நிறுத்திவிட்டு வானொலியை மட்டும் இயக்குக. அப்போதும் ‘உஸ்’ என்ற இரைச்சல் கேட்குமாயின் எஞ்சின் நிரபராதி. பண்பலை ஒலிபரப்பு பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வது. மலை குறுக்கிட்டால் வலுவிழக்கும். நக்கிள்ஸ் மலைச்சாரலின் ஒரு வளைவில் மறைந்த குரல் அடுத்த வளைவில் மீளுமானால், அது மலையின் செயலேயன்றிக் கருவியின் குற்றமன்று. அதற்காகப் பணம் செலவிடல் வீண்.

எஞ்சின் ஓடும்போது மட்டும் ஓசை எழுமாயின், அதன் தன்மையை நோக்குக. ‘டிக் டிக்’ என்று வேகத்தோடு விரைந்தால் அது மின்பொறியின் வேலை. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. ஆதலால் அங்கே இக்குற்றச்சாட்டு நில்லாது. எஞ்சின் முடுக முடுகச் சுருதி ஏறும் ரீங்காரமாயின், பற்றரிக்கு மின்னூட்டும் ஆல்டர்நேட்டரையே ஐயுறவேண்டும். முன்விளக்குகளை ஏற்றியதும் அவ்வொலி மிகுமானால் ஐயம் வலுப்பெறும். துடைப்பானை இயக்கும்போது மட்டும் கரகரத்தால் அதன் மோட்டாரே காரணம்.

அடுத்து, இரைச்சல் எவ்வழியாக நுழைந்தது? அன்டெனாவின் செருகியைக் கழற்றுக. ஓசை நின்றுவிட்டால் அது அன்டெனா வழியே வந்தது. ஒலியளவைக் குறைத்தும் ரீங்காரம் குறையாதிருந்தால், அது ஒலியளவுக் குமிழுக்கு அப்பால், ஒலிபெருக்கிக் கருவியிலோ அதன் வயர்களிலோ நுழைகின்றது. கைத்தொலைபேசியை வயர் மூலம் இணைத்துப் பாட்டுக் கேட்போர், அதன் சார்ஜரைக் கழற்றிப் பார்க்கட்டும். உடனே அமைதி திரும்பினால் சார்ஜரோ, இரு வழியே உண்டான பூமி இணைப்பு வளையமோதான் கள்வன்.

பரிகாரங்களும் எளியனவே. முதலிற் பார்க்கவேண்டியது எர்த் வயர். பெயின்ட் மீதோ துருவின் மீதோ அதைப் பொருத்தியிருந்தால், அவ்விடத்தைச் சுரண்டி உலோகம் தெரியச் செய்து, தடித்த குறுகிய வயரை இறுக்கி முடுக்கவேண்டும். மழையும் பனிமூட்டமும் மிக்க மலைநாட்டில் துரு விரைவிற் பிடிக்கும். மின்சாரம் கொணரும் வயரும் பாட்டைக் கொணரும் வயரும் அருகருகே நீண்டு செல்லலாகாது. ஒன்று வண்டியின் இடப்புறமும் மற்றது வலப்புறமும் செல்லட்டும். ஸ்பார்க் பிளக்கும் அதன் வயரும் மின்தடை உள்ள வகையினவா எனப் பார்க்க. இவற்றாலும் ரீங்காரம் அடங்காவிடில், ஆல்டர்நேட்டரின் டயோட் ஒன்று பழுதாகியிருக்கலாம். அதைப் பொருட்படுத்தாது விட்டால், பற்றரி சரிவர மின்னேறாமல் ஒருநாள் வண்டியே நடுவழியில் நின்றுவிடும். இரைச்சல் சில வேளைகளில் எச்சரிக்கையுமாகும்.

ஈண்டு மாணவர்க்கு ஒரு சொல். வயரில் கைவைக்குமுன் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றுக. ஒலிபெருக்கிக்குச் செல்லும் வயரில், பற்றரிக்கு அருகிலேயே பியூஸ் இருத்தல் கட்டாயம். அஃதில்லாத வயர் உராய்ந்து உலோகத்தைத் தொட்டால் தீ மூளும். மூடிய கராஜினுள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதித்தல் உயிருக்கு ஆபத்து. வண்டி ஓட்டிக்கொண்டே குமிழைத் திருகுவதும் அவ்வாறே.

இவையெல்லாம் வெறும் பாட்டுக் கேட்கும் ஆசைக்காகவோ? அன்று. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் இலங்கையைத் தாக்கியபோது, கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன. மின்சாரமும் தொலைபேசியும் பலவிடங்களில் அற்றுப்போயின. அத்தகைய இரவில் வீட்டு வானொலிக்கு மின்சாரம் இராது. முற்றத்தில் நிற்கும் வண்டியின் பற்றரியோ உயிரோடிருக்கும். எச்சரிக்கைக் குரல் ஒன்று வருமாயின் அது தெளிவாகக் கேட்கவேண்டும். அடுத்த மாரி வருமுன், வண்டிக்குள் இருக்கும் வண்டை விரட்டிவிடுவோமாக.