கடைமடைக்கும் கணக்கு

நுழையும்முன்

ஒரு வேலையைச் செய்து முடிப்பது கடமை. அதன் விளைவுக்கு விடைசொல்ல முன்வருவது பொறுப்புடைமை. இப்பண்பு சிலருடைய தனிக்குணமாக நின்றுவிடாமல் பணியிடங்களின் பண்பாடாக வளர வேண்டும். அதன் தேவையைக் காரைக்கால் நகரின் பட்டறிவு வழியாக இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கடைமடை ஊர்

காவிரிப் படுகையின் கடலோரத்தில், தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ அமைந்துள்ளது காரைக்கால். புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த இம்மாவட்டத்தை அரசலாறு, திருமலைராசனாறு முதலிய காவிரிக் கிளையாறுகள் வளப்படுத்துகின்றன. காவிரி நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. நீரை ஒதுக்கியது. 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்சநீதிமன்றமும் அவ்வளவை மாற்றவில்லை.

எனினும் தாளில் எழுதிய ஒதுக்கீடு தானாக வயலுக்கு வந்துவிடாது. மதகைத் திறப்பவர், கரையைக் காப்பவர், வாய்க்காலைத் தூர் வாருபவர் என ஒவ்வொருவரும் தம் பணியைச் செவ்வனே செய்தால்தான் கடைமடை நனையும். மேலே ஒருவர் காட்டும் மெத்தனம், அவர் ஒருபோதும் காணாத ஓர் உழவரின் வயலில் வெடிப்பாகத் தெரியும். ஆற்றுக்கு மட்டுமன்றி ஒவ்வொரு பணியிடத்திற்கும் இத்தகைய கடைமடை உண்டு. செய்த வேலையின் பயனையும் செய்யாத வேலையின் துன்பத்தையும் இறுதியில் ஏற்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஒரு குவளை நீர்

2022ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் தொடக்கத்தில் காரைக்காலில் வயிற்றுப்போக்கு வேகமாகப் பரவியது. நோயுற்றோருள் சிலருக்குக் காலரா இருப்பது உறுதியானது. புதுச்சேரி நலவழித்துறை பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. பள்ளிகளும் கல்லூரிகளும் மூன்று நாள்கள் மூடப்பட்டன. குடிநீர்க் குழாய்களில் கழிவுநீர் கலந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. குழாய்களின் பழுதும் பழைமையும் பேசுபொருளாயின.

காலரா எவ்வாறு பரவுகிறது என்பதை அறிவியல் கண்டறிந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அதைத் தடுக்கும் வழிகளும் எளியவை. குளோரின் கலந்த குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என இந்தியத் தர வரையறை கூறுகிறது. அந்த அளவை நீர்த்தொட்டியில் மட்டும் பார்த்தால் போதாது. நீரைப் பயன்படுத்துவோரின் குழாய்முனையிலும் பார்க்க வேண்டும். கடைமடையில் சரியாக இருந்தால்தான் வேலை சரியாக நடந்ததாகப் பொருள் என்னும் அரிய கருத்து இவ்விதியில் அடங்கியுள்ளது.

ஒரு குவளை நீர் நம் கைக்கு வருமுன் எத்தனை பேருடைய உழைப்பைக் கடந்து வருகிறது! தொட்டியைத் தூய்மை செய்பவர், மருந்து கலப்பவர், குழாயைப் பழுதுபார்ப்பவர், நீரைச் சோதிப்பவர், மக்களின் புகாரைப் பதிவு செய்பவர், பணத்தை ஒதுக்கும் அதிகாரி எனச் சங்கிலி நீள்கிறது. இதில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் நீர் கெடும். கெட்டபின் கேட்டால், ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சுட்டிக்காட்ட இயலும். ‘எல்லாருக்கும் பொறுப்பு உண்டு’ என்னும் சொல், நடைமுறையில் ‘எவருக்கும் இல்லை’ என்று ஆகிவிடுவது இவ்வாறுதான்.

பழியும் பொறுப்பும்

தவறு நேர்ந்தவுடன் ஒருவரைப் பணியிடைநீக்கம் செய்தால் பொறுப்புடைமை நிலைநாட்டப்பட்டுவிடும் என்று கருதுவோர் பலர். கடுமையான தண்டனையே மற்றவரைத் திருத்தும் என்பது அவர்கள் வாதம். வேண்டுமென்றே ஏமாற்றியவருக்கும் சோதிக்காமலே ‘சோதித்தேன்’ எனப் பதிவேட்டில் எழுதியவருக்கும் தண்டனை தேவைதான். ஆனால், தண்டனை ஒன்றையே நம்பும் பணியிடத்தில் அச்சம் வளர்கிறது. குழாயில் கசிவைக் கண்டு சொல்பவரிடமே ‘இதுவரை என்ன செய்தாய்?’ என்று சினந்தால், அடுத்த கசிவைக் கண்டவர் வாய்திறப்பாரா? மறைக்கப்பட்ட சிறு பழுது பெருந்துன்பமாக வெளிப்படும்.

வானூர்தித் துறை இவ்வுண்மையை முன்பே உணர்ந்தது. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1976ஆம் ஆண்டு முதல் வானூர்திப் பாதுகாப்பு அறிக்கை முறை ஒன்றை நடத்திவருகிறது. விமானிகளும் பிற பணியாளர்களும் தாம் கண்ட குறைகளையும் தம்மால் நேர்ந்த பிழைகளையும் தாமே முன்வந்து தெரிவிக்கலாம். தெரிவித்தவர் பெயர் வெளியிடப்படாது. குற்றச்செயலுக்கு இம்முறையில் அடைக்கலம் இல்லை. பிழையை ஒளிப்பதைவிடச் சொல்வது எளிதாக இருக்கும் இடத்தில்தான் பிழை திருந்தும் என்பதே இதன் அடிப்படை.

தலைமையின் கடன்

பொறுப்பு மேலிருந்து தொடங்க வேண்டும். 1956ஆம் ஆண்டு நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தொடர்வண்டி விபத்து நேர்ந்து பலர் உயிரிழந்தனர். அன்றைய தொடர்வண்டித்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, அதற்குத் தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பாலத்தை அவர் நேரில் பார்வையிடும் பணியில் இருந்தவர் அல்லர். ஆயினும் தம் துறையின் விளைவு தம்மைச் சாரும் எனக் கருதினார். அது போற்றத்தக்க செயல். அதே வேளையில், பதவி விலகலால் மட்டும் பாலம் உறுதிப்படாது என்பதையும் மறத்தலாகாது. எங்கே பிழை நேர்ந்தது, மீண்டும் நேராதிருக்க என்ன செய்யப்பட்டது என்ற இரு வினாக்களுக்கும் விடை கிடைக்கும்போதே பொறுப்பு நிறைவு பெறுகிறது.

தெரிந்து தெளிவோம்

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. ஏரி வாரியம் அவற்றுள் ஒன்று. முன்பு வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர். நிலமும் கல்வியும் உடைய ஒரு சிலருக்கே அன்று அவ்வாய்ப்பு இருந்தது. எனினும், கணக்குக் காட்டாதவருக்குப் பதவி இல்லை என்னும் நெறி இன்றும் பொருந்துவது.

பண்பாடாக வளர்தல்

பொறுப்புடைமை ஒரு சுற்றறிக்கையால் வந்துவிடாது. அன்றாடப் பழக்கங்களால் உருவாவது அது. ஒவ்வொரு பணிக்கும் ஒருவர் பெயர் உரியதாக இருத்தல் முதற்பழக்கம். பதிவேட்டில் நடந்ததை நடந்த நேரத்தில் எழுதுதல் இரண்டாவது. குறை சொல்பவரைக் காத்தல் மூன்றாவது. பாதிக்கப்படுவோருக்கு விடையளித்தல் நான்காவது. இந்த நான்காவதைச் சட்டமும் வலியுறுத்துகிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, குடிமக்கள் கேட்கும் தகவலுக்கு அரசு அலுவலகம் பொதுவாக 30 நாள்களுக்குள் விடையளிக்க வேண்டும். ஆயினும் கேட்டபின் சொல்வதைவிடக் கேட்குமுன்னே சொல்லும் அலுவலகமே மக்களின் நம்பிக்கையைப் பெறும்.

மாணவர்களாகிய நீங்கள் நாளை மருத்துவராக, பொறியாளராக, குழாய் பழுதுபார்ப்பவராக, எழுத்தராகப் பணியாற்றப் போகிறீர்கள். உங்கள் கையொப்பத்தை நம்பி, உங்களுக்கு முகமே தெரியாத ஒருவர் ஒரு குவளை நீரைக் குடிப்பார். ஒரு பாலத்தைக் கடப்பார். ‘என் வேலை முடிந்ததா?’ என்னும் வினாவோடு நில்லாமல், ‘அது கடைமடைவரை சென்று சேர்ந்ததா?’ என்றும் கேட்கப் பழகுங்கள். அப்பழக்கத்தைப் பள்ளியின் ஆய்வகப் பதிவேட்டிலும் வகுப்பறைப் பணிகளிலும் இன்றே தொடங்கலாம்.